சட்டைப்பையில் ஒரு சக்களத்தி

போன வாரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது யாருடைய பையிலிருந்தோ ஒரு சத்தம் வந்தது. கிர்ரிக், கிர்ரிக், கிர்ரிக். செல்போன் அடிப்பதல்ல, கடிகாரம் அடிப்பதுமல்ல. அட்டைப்பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட எலிக்குஞ்சு யாரையோ கூப்பிடுகிற மாதிரி ஒரு சத்தம்.

ஏற வேண்டிய பஸ் வந்தது. போனது. நான் நின்றுகொண்டே இருந்தேன். பழைய இடத்தில் பழைய எரிச்சல் எழுந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கு வயதாகிவிட்டது. அதற்கு ஆகவில்லை.

இந்தத் தொடரில் இத்தனை வாரங்களாக, நான் படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றியும், அரசு வேலையில் சேர்ந்ததைப் பற்றியும், அச்சில் வந்த முதல் கவிதையைப் பற்றியும் எழுதிவிட்டேன். "உங்கள் வீட்டுக்காரர் எங்கே, அவரை மட்டும் ஏன் கண்ணில் காட்டவில்லை?" என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். காட்டுகிறேன். ஆனால் அவரைக் காட்டுவதென்றால் அவருடைய சட்டைப்பையைத்தான் முதலில் காட்ட வேண்டியிருக்கிறது.

தலையோடு தலை

ஸ்ரீவராகத்தில் அப்போது நாங்கள் இருந்த வீட்டின் கூடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மோர்க்குழம்பில் தாளித்த மிளகாயின் காரல் இன்னும் காற்றில் இருக்கிறது. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில மாதம் ஆகியிருக்கலாம், ஒரு வருடமே ஆகியிருக்கலாம்.

மேஜையின் ஒரு பக்கம் என் கணவர் நாராயணன். எதிரே ஷைனி. அவர் வேலை பார்த்த கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண். பாறசாலைக்காரி, கழக்கூட்டத்தில் ஒரு ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். இருவர் கையிலும் ஒரே மாதிரி சாம்பல் நிறக் கைக்கணினி. உள்ளங்கையில் அடங்கும், சோப்புப் பெட்டியைவிட மெலிது. கம்பெனி தன் இன்ஜினியர்கள் எல்லாருக்கும் அதைக் கொடுத்திருந்தது. பழக்கிக்கொடுக்கிற பொறுப்பு ஷைனிக்கு. மற்றவர்கள் ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். என் கணவருக்கு எழுதுவதெல்லாம் வந்துவிட்டது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவதை மட்டும் வீட்டுக்கு வந்து சொல்லித்தர வேண்டியிருந்தது.

"பக்கத்துல கொண்டு வாங்க சார். இன்னும் பக்கத்துல. ரெண்டும் தலையும் தலையும் பாத்துக்கிடணும்."

"முட்டணுமா?"

"முட்டாண்டாம். பாத்தா போரும்."

இரண்டு கணினிகளின் நெற்றியிலும் கறுப்புக் கண்ணாடித் துண்டு ஒன்று பதித்திருந்தது. அதன் வழியாகக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் புறப்பட்டு எதிரே இருப்பதன் நெற்றிக்குள் போகுமாம். அவளிடம் இருக்கிற பெயர், முகவரி, குறிப்பு எல்லாம் இவரிடம் வந்துவிடும். இவருடையது அவளிடம் போய்விடும். ஒயர் கிடையாது. காகிதம் கிடையாது. ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

நான் அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றேன். எங்கள் கல்யாணத்தில் முடிச்சுப் போடும்போதுகூட அவர் தலை என் தலைக்கு இவ்வளவு பக்கத்தில் வரவில்லை என்று தோன்றியது. அங்கே ஒட்டிக்கொண்டு நின்றவை மனிதத் தலைகள் அல்ல, கணினித் தலைகள். தெரியும். தெரிந்து என்ன.

கிர்ரிக் என்றது இவருடையது.

"வந்துடுத்து," என்றார். அந்தக் குரலில் அப்படியொரு குளிர்ச்சி. கரண்டியிலிருந்த மோர்க்குழம்பு என் புடவையில் சொட்டியதை நான் கவனிக்கவில்லை.

மறதிக்காரர் வீட்டு மருமகள்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என் கணவர் வீட்டில் மறதி ஒரு பரம்பரைச் சொத்து. என் மாமனார், மாமியாரின் தாயாரை அழைத்துவரத் தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போய், அங்கே ஒரு பத்திரிகையை வாங்கிக்கொண்டு அதைப் படித்தபடியே திரும்பி வந்தவர். "எங்கே அம்மா?" என்று மாமியார் கேட்டதற்கு, "எந்த அம்மா?" என்றாராம். அப்படிப்பட்ட வம்சம்.

அவருடைய பிள்ளைக்கு எக்ஸ்-ரே எந்திரங்களைப் பழுதுபார்க்கிற வேலை. ஸ்கூட்டரில் இன்றைக்கு நெடுமங்காடு, நாளைக்கு ஆற்றிங்கல், அதற்கடுத்த நாள் நெய்யாற்றின்கரை. எந்திரத்தின் ஒரு திருகைக்கூட மறக்கமாட்டார். எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கம்பி எப்போது தீய்ந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் மனிதர்களின் பெயர் அவரிடம் ஒரு ராத்திரிக்குமேல் தங்காது. டாக்டர் பெயர், நர்ஸ் பெயர், வரச்சொன்ன நேரம், வாங்கிவரச் சொன்ன பொருள், எல்லாம் சல்லடையில் விட்ட தண்ணீர்.

சாயங்காலம் வந்து கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும் அன்றைக்கு நடந்தது முழுவதையும் சொல்வார். யார் என்ன சொன்னார்கள், யார் காப்பி கொடுத்தார்கள், எந்த டாக்டருக்கு மூக்கில் மச்சம். நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கேட்பதற்கு எனக்கு நேரம் இருந்தது. வசனமாகவும் இல்லாமல் கவிதையாகவும் இல்லாமல் எதையோ எழுதிச் சிறுபத்திரிகைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். காதில் விழுந்த எதுவும் என்னைவிட்டுப் போகாது. அந்த வேண்டாத ஞாபகசக்திக்கு அவரால் ஒரு வேலை கிடைத்தது.

மறுநாள் என் அலுவலகத்துக்குத் தொலைபேசி வரும்.

எங்கள் பிரிவில் ஒரே ஒரு தொலைபேசி. அது சூப்பிரண்டு ஓமனா மேடத்தின் மேஜையில் இருந்தது. மணி அடிக்கும். அவர் எடுத்துக் கேட்டுவிட்டு, ரிசீவரை மேஜைமேல் மல்லாக்க வைப்பார். "ஜானகீ. தன்டெ ஆளாணு." உன் ஆள்தான் என்று.

நான் என் இடத்திலிருந்து எழுந்து, இரண்டு வரிசை மேஜைகளுக்கு நடுவில் நடந்து போவேன். எல்லாரும் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

"ஜானு, நான் ஆற்றிங்கல்லேருந்து பேசறேன். அந்தக் குட்டை டாக்டர் பேரு என்னவாக்கும்?"

"சசிதரன். குட்டைன்னு சொல்லாதேங்கோ, பக்கத்துல நின்னுண்டிருக்கப் போறார்."

"நின்னுண்டுதான் இருக்கார்."

இப்படி ஒரு நாளைக்குப் பல தடவை. "ஊணு கழிக்கான் வாய் எவிடெயாணுன்னு கூடி நின்னோடு சோதிக்குமல்லோ," என்பார் ஓமனா மேடம். சாப்பிட வாய் எங்கே இருக்கிறது என்றுகூட உன்னைத்தான் கேட்பார் போலிருக்கிறதே என்று. எல்லாரும் சிரிப்பார்கள். நானும் தலையில் அடித்துக்கொள்வேன். "என்ன செய்யறது மேடம், என் தலையெழுத்து."

அந்த நடை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று யாரிடமும் சொன்னதில்லை. மற்றப் பெண்களுக்குக் கணவர்கள் கழுத்துக்கும் கைக்கும் என்னென்னவோ வாங்கித் தந்தார்கள். எனக்கு ஆற்றிங்கல் டாக்டரின் பெயரைக் கேட்டு ஒருவர் தொலைபேசி செய்தார். நான் இல்லாவிட்டால் அந்த மனிதரால் ஒரு சாயங்காலத்தைக்கூட எட்ட முடியாது. அதை நினைத்துக்கொண்டே என் மேஜைக்குத் திரும்பி நடப்பேன், மகாராணி மாதிரி.

நடுக்கோடு இல்லாத 'ஏ'

அப்புறம் அது வந்தது.

அதனோடு ஒரு குச்சி. அந்தக் குச்சியால் கண்ணாடியின் அடிப்பகுதியில் எழுத வேண்டும். நாம் எழுதுகிற ஆங்கிலத்தை அது ஏற்காது. அதற்கென்று ஒரு நெடுங்கணக்கு. எந்த எழுத்தையும் கையெடுக்காமல் ஒரே இழுப்பில் எழுத வேண்டும். நடுக்கோடு போடாத ஏ. காலில்லாத கே. மனிதர்களின் பெயர் நிற்காத என் கணவர் அந்த எழுத்துகளை இரண்டு நாளில் கற்றுக்கொண்டார். கீரையை ஆய்ந்துகொண்டே பார்ப்பேன். உதட்டை மடித்துக்கொண்டு, ஒரு குழந்தையின் கையைப் பிடித்து எழுதிப் பழக்குகிற மாதிரி எழுதுவார்.

ஒருநாள் அவர் குளிக்கப் போயிருந்தபோது நானும் எடுத்து என் பெயரை எழுதிப் பார்த்தேன். கையெழுத்து அழகாக இருக்கிறதென்று பத்திரிகை ஆசிரியர்களே பாராட்டிய கை என்னுடையது. அது என் ஜானகியை வேறெதோ ஐந்தாறு எழுத்தாகப் புரிந்துகொண்டு காட்டியது. உச்சரிக்கவே முடியாத ஒன்று. இன்னொரு தடவை எழுதினேன். இன்னொரு மாதிரி தப்பாகக் காட்டியது. அவர் கை அதற்குத் தெரியும். என் கை தெரியாது. தமிழ் அதற்கு அடியோடு தெரியாது என்பதில் எனக்கொரு அற்ப சந்தோஷம்.

சாயங்காலம் அலுவலகத்தை விட்டுப் புறப்படும்போது அதை அங்கே கணினியோடு இணைத்த ஒரு தாங்கியில் கொஞ்ச நேரம் உட்கார வைத்து எடுக்க வேண்டும். உள்ளே இருப்பதையெல்லாம் பெரிய கணினி ஒரு பிரதி எடுத்துக்கொள்ளும். அந்தத் தாங்கிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் தொட்டில். "தொட்டில்ல போட்டு எடுத்துண்டு வந்தேன்," என்று சாதாரணமாகச் சொல்வார். எங்கள் வீட்டுக்குத் தொட்டில் வந்ததில்லை. நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

சரி, இதெல்லாம்கூடப் போகட்டும். தொலைபேசி நின்றுவிட்டது. அதுதான்.

ஒரே நாளில் நிற்கவில்லை. மழை விடுகிற மாதிரி நின்றது. அடிக்கடி வந்தது, எப்போதாவது வந்தது, அப்புறம் இல்லை. ஆற்றிங்கல் டாக்டரின் பெயர் சட்டைப்பையில் இருந்தது. போக வேண்டிய நேரம் வந்தால் அது கிர்ரிக் என்றது. சாயங்காலம் கைகால் கழுவிவிட்டு வந்து உட்காருவார், சட்டைப்பையிலிருந்து எடுப்பார், அன்றைக்கு நடந்ததைக் குச்சியால் அதில் எழுதுவார். எழுதி முடித்தால் அவருக்குச் சொல்ல ஒன்றும் மிச்சம் இருக்காது. கீரை ஆய்கிற சத்தம் எனக்கே கேட்க ஆரம்பித்தது.

"எந்தா ஜானகி, பிணக்கமாணோ?" என்று ஓமனா மேடம் ஒருநாள் குரலைத் தாழ்த்திக் கேட்டார். சண்டையா என்று.

"இல்லை மேடம். அவருக்கு ஞாபகசக்தி வந்துடுத்து."

அவர் சிரிக்கவில்லை. பக்கத்து மேஜையிலும் யாரும் சிரிக்கவில்லை.

தேடினால் கிடைக்கும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு வருகிறேன். அவர்கள் இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஷைனிக்கு மோர்க்குழம்பு பிடித்திருந்தது. அவளை வெறுக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். அவளோ, "அக்கா, கொஞ்சங்கூட விடுங்க. ஹாஸ்டல்ல போடுகது குழம்பே இல்ல, கலங்கத் தண்ணியாக்கும்," என்று தட்டை நீட்டினாள். வெறுக்க விடாத பெண்.

இடது கையால் அவள் அவருடைய கணினியைத் தட்டிக் காட்டினாள். "இதுல தேடுகதுக்கு ஒரு வழி உண்டு அக்கா. ஒரு பேரு போட்டா அந்தப் பேரு எங்கெல்லாம் கெடக்குதோ எல்லாத்தையும் கொண்டு வந்துடும். உங்களுக்க பேரு போடட்டா?"

"போடேன்," என்றேன். நான் ரசம் விடுவதை நிறுத்தினேன்.

அவள் எழுதினாள். அது யோசித்தது. ஒன்றுமில்லை என்றது.

ஷைனியின் முகம் சிவந்தது. "சாருக்கு உங்க நம்பர் மனப்பாடமா இருக்கும் அக்கா. அதான் போடல்ல."

அவள் போட்ட பாலத்தின்மேல் ஏறி அவர் இந்தப் பக்கம் வந்திருக்கலாம். என் கணவருக்குப் பொய் வராது.

"மனப்பாடம்தான்," என்றார். "ஆனா இப்ப கூப்பிட வேண்டியே வரதில்லையோல்லியோ, இது இருக்கச்சே." சொல்லிவிட்டு, "ரசம் விடு," என்றார்.

விட்டேன். ஷைனி அப்பளத்தை ஒடித்த சத்தம் மட்டும் கேட்டது. போகும்போது வாசலில் அவர் காதில் அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். "அக்காக்க பேரும், பொறந்த நாளும், எல்லாம் போடணும் சார். இன்னைக்கே போடணும்." எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாளோ என்னவோ.

மே மாதத்துக் குழந்தைகள்

எங்கள் தலைமுறையில் இந்த ஊர்ப் பள்ளிகளில் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் மே மாதக் கடைசியில் பிறந்தவர்கள். ஜூனில் பள்ளி திறக்கும். வயது குறைந்தால் சேர்க்கமாட்டார்கள். குழந்தையின் தலையைப் பார்த்துத் தலைமையாசிரியரே ஒரு பிறந்தநாள் எழுதிக்கொள்வார். அதனால்தான் அரசு அலுவலகங்களில் ஒவ்வொரு மே மாத முடிவிலும் கூட்டங்கூட்டமாக ஓய்வு பெறுகிறார்கள். நானும் அப்படிப் பிறந்தவள்தான். என் உண்மையான பிறந்தநாள் தை மாதத்து அனுஷம். அதை அவர் ஒரு வருடமும் ஞாபகம் வைத்துக்கொண்டதில்லை. ஒவ்வொரு தையிலும் நான் கோபித்துக்கொள்வேன், அவர் தலையைச் சொறிவார், மறுநாள் ஒரு புடவை வரும். எங்கள் வீட்டுப் பண்டிகைகளில் அதுவும் ஒன்று.

அந்த வருடம் மே மாதக் கடைசியில் சட்டைப்பை கிர்ரிக் என்றது.

அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, கையில் மல்லிகைப் பூவோடு என் அலுவலக வாசலில் வந்து நின்றார். முகம் முழுக்க வெற்றி. "சொல்லு, இன்னிக்கு என்ன நாள்?"

என் அலுவலக அடையாள அட்டையைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று புரிந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு தை என்றும் அனுஷம் என்றும் சொல்ல யாருக்கு நாக்கு வரும். பூவை வாங்கி வைத்துக்கொண்டேன். ஆனால் உள்ளே புகைந்தது. இத்தனை வருடம் மறந்தது அவர். இப்போது ஞாபகம் வைத்திருப்பது அது. அதில் எழுதச் சொன்னது அதற்கும் முன்னால் ஷைனி. என் பிறந்தநாளைக் கொண்டாட மூன்று பேர் கூடியிருக்கிறார்கள், நாள்தான் என்னுடையது இல்லை.

"கோயிலுக்குப் போலாம், ஏறு," என்றார்.

வெறும் பிளாஸ்டிக்

கோயிலுக்குள் காமிரா, ரேடியோ ஒன்றும் கொண்டுபோகக் கூடாது. ஆண்கள் சட்டையையும் கழற்றிவிட வேண்டும். அவர் பேண்ட்டுக்குப் பதில் முண்டு கட்டிக்கொண்டு, சட்டையை மடித்து ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்தார். கணினியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அதையும் பெட்டிக்குள்ள வெச்சுட்டு வாங்கோளேன்."

"பெட்டிக்குப் பூட்டு செரியில்லை. வெளியில வெச்சுட்டு உள்ள போய் நிம்மதியா கும்பிட முடியுமா?"

"உள்ள கொண்டு போகப்படாதே."

கொஞ்சம் யோசித்தார். பிறகு பின்மூடியைத் திறந்து இரண்டு ஒல்லி பாட்டரிகளையும் எடுத்துச் சட்டைக்கு அடியில் வைத்தார். "இப்ப இது எலக்ட்ரானிக் இல்லை. வெறும் பிளாஸ்டிக். ஒரு சீப்பு மாதிரி." மடியில் செருகிக்கொண்டு பெருமாளைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

பாட்டரி மாற்றும்போது ஒரு நிமிஷத்துக்குள் மாற்றிவிட வேண்டும், தாமதித்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும் என்று முதல் நாளே ஷைனி சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அந்த ஒன்றை அவர் அதில் எழுதி வைக்கவில்லை. போதாக்குறைக்குத் தொட்டில் இருந்த அலுவலகக் கணினியைப் பழுதென்று எங்கேயோ அனுப்பியிருந்தார்கள். கொஞ்ச நாளாகப் பிரதியும் எடுக்கவில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

எங்கள் பெருமாளை முழுசாக ஒரே பார்வையில் பார்க்க முடியாது. மூன்று வாசல் வழியாகத் தலை, நாபி, பாதம் என்று துண்டு துண்டாகத்தான் தரிசனம். ஒவ்வொரு வாசலிலும் அவர் கைகூப்பிய பிறகு மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்காதீர்கள். ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை என்றுதான் நினைவு. எண்ணெய்ப் புகையில் கண் எரிந்தது.

வெளியே வந்தபோது மேற்கே கறுத்திருந்தது. மழைக்கு முன் வருகிற மண் வாசனை, எங்கோ பெய்துவிட்ட மழையுடையது. அவர் பாட்டரிகளைப் போட்டார். கிர்ரிக் வந்தது. குச்சியால் தட்டினார். மறுபடி தட்டினார்.

"ஜானு, இது என்னை யாருன்னு கேக்கறது."

எட்டிப் பார்த்தேன். திரையில் பெயர் இல்லை, டாக்டர்கள் இல்லை, ஆற்றிங்கலும் நெடுமங்காடும் இல்லை. வந்த முதல் நாள் மாதிரி, நடுவில் ஒரு சின்ன வட்டத்தைக் காட்டி இங்கே தொடு என்றது. அவர் அதைத் தொடவில்லை. "போச்சு. எல்லாம் போச்சு. நாளைக்கு எங்கெல்லாம் போகணும்னுகூடத் தெரியாது."

"ஐயோ," என்றேன். சொல்லும்போதே எனக்குள் ஒரு நாதஸ்வரக் கச்சேரி தொடங்கிவிட்டது. வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வரும் வழியெல்லாம் அது நிற்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. பூவோடு நனைந்தேன்.

மேஜைமேல் ரிசீவர்

மறுநாள் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு அலுவலகம் போனேன். கோப்பில் கண் ஓடவில்லை. மத்தியானத்துக்கு முன்னால் மணி அடித்தது. ஓமனா மேடம் எடுத்தார். முகம் மலர்ந்தது. ரிசீவரை மேஜைமேல் மல்லாக்க வைத்தார்.

"ஜானகீ. தன்டெ ஆளு."

மேஜைகளுக்கு நடுவில் நடந்தேன். அவசரப்படவில்லை. எல்லாரும் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ரிசீவரைக் காதில் வைத்தேன்.

"ஜானு, ஆபீஸ்ல போகச் சொல்லி வந்திருக்கேன், வர்க்கலையில புதுசா ஒரு ஸ்கேன் சென்டர் வந்திருக்கே, அந்த டாக்டர் பேரு என்னவாக்கும்? வாசல்ல நின்னுண்டிருக்கேன்."

நான் வாயைத் திறந்தேன். எல்லாப் பெயர்களும் வந்தன. சசிதரன் வந்தார், மூக்கில் மச்சமுள்ள டாக்டர் வந்தார், காப்பி கொடுத்த நர்ஸ் வந்தாள். பழைய கூட்டம் முழுக்க வந்து வரிசையாக நின்றது. வர்க்கலை மட்டும் வரவில்லை. வர்க்கலையில் ஒரு ஸ்கேன் சென்டர் வந்திருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"தெரியாது," என்றேன்.

"தெரியாதா?"

"நீங்க சொல்லவே இல்லையே."

அந்தப் பக்கம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"ஆமா," என்றார். "சொல்லலை, இல்லையா." பிறகு, "செரி, நீ கவலைப்படாதே. ஷைனிகிட்ட இருக்கும்."

ரிசீவரை வைத்தேன். திரும்பி நடந்து போக வேண்டிய தூரம் அன்றைக்கு நீண்டிருந்தது. ஓமனா மேடம் ஏதோ கிண்டலாகக் கேட்க வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு கோப்பைப் பிரித்துக்கொண்டார்.

சாயங்காலம் அவர் விசிலடித்துக்கொண்டு வந்தார். ஷைனியின் கணினியும் அவருடையதும் மறுபடி தலையோடு தலை பார்த்துக்கொண்டனவாம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் அவர்கள் அவ்வப்போது பரிமாறிக்கொண்டிருந்ததால் எல்லாம் அவளிடம் பத்திரமாக இருந்திருக்கிறது. ஒரு நிமிஷத்தில் திரும்பிவிட்டது.

"எல்லாமா?" என்று கேட்டேன்.

"ஆபீஸ் சமாச்சாரம் எல்லாம்."

அப்படியானால் நான் இல்லை. என் பொய்ப் பிறந்தநாளும் இல்லை. அது போனதற்குக்கூட எனக்கு வருத்தமாக இருந்தது என்றால் நம்புவீர்களா.

கீரைத் தட்டைத் தள்ளி வைத்தேன். "இன்னிக்கு எங்கெல்லாம் போனேள், சொல்லுங்கோ."

அவர் கை சட்டைப்பைக்குப் போனது.

"அதைப் பாக்காம. வாயால."

"வர்க்கலை போனேன்," என்றார். "அங்கே... ஒரு லேடி டாக்டர். பேரு..." நெற்றியைத் தேய்த்தார். "நன்னாதான் பேசினா. காப்பியோ என்னவோ கொடுத்தா. அப்பறம்..." பாதியில் நின்றார். முன்பெல்லாம் மறுநாள்தான் பெயர் மறக்கும், அன்றைய கதை தடங்கலில்லாமல் வரும். இப்போது கதையும் வரவில்லை. ஒரு நாள் முழுவதும் ஊர் சுற்றிவிட்டு வந்த மனிதர் வெறும் கையோடு என் எதிரில் உட்கார்ந்திருந்தார். "எடுத்துப் பாத்துச் சொல்லட்டுமா?" என்றார், பரிதாபமாக.

அவருக்கு மறதி இருந்தபோது அதை எனக்குச் சமாளிக்கத் தெரிந்தது. இதற்கு வழி தெரியவில்லை.

கோழிக்கோட்டு வண்டி

மழைக்காலம் முடிவதற்குள் உத்தரவு வந்துவிட்டது. எந்த இன்ஜினியரும் இவரளவுக்குக் கச்சிதமாகக் கைக்கணினியை நடத்தவில்லையாம். வடக்கே கோழிக்கோட்டு அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இவர்தான் போய்ப் பழக்கிக்கொடுக்க வேண்டும். அங்கேயே பொறுப்பும். எத்தனை காலம் என்று எழுதியிருக்கவில்லை. எனக்கு இங்கே அரசு வேலை. விட்டுவிட்டுப் போக முடியாது, மாற்றல் உடனே கிடைக்காது.

தம்பானூர் ஸ்டேஷனில் ஷைனியும் வந்திருந்தாள். அவருக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தாள். என்னைப் பார்த்து, "அக்கா, ஞாயிறு நான் வாறேன், மோர்க்குழம்புக்கு," என்று சொல்லிவிட்டு, எங்களைத் தனியாக விடுவதற்காகப் புத்தகக் கடைப் பக்கம் போனாள். அவளை வெறுக்க அதுவே கடைசிச் சந்தர்ப்பம். அதையும் தவற விட்டேன்.

அவர் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தார். கம்பிக்கு வெளியே நான். சட்டைப்பையில் அது சாம்பல் நிறத்தில் முகத்தை நீட்டிக்கொண்டிருந்தது. எப்போது இறங்க வேண்டும், யார் அழைத்துப்போக வருவார்கள், எந்தத் தெருவில் அறை, எல்லாம் அதில் இருந்தது. ஜன்னல் கம்பியின் துரு என் விரலில் ஒட்டியது. மருந்தை வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள் என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொல்ல அது இருந்தது. குளிருக்குப் போர்வையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நினைத்தேன். அதையும் எழுதியிருப்பார். சொல்ல வந்த ஒவ்வொன்றையும் அது எனக்கு முன்னால் சொல்லி முடித்திருந்தது.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நகர்ந்தது. நானும் கூடவே நடந்தேன்.

"கேக்க ஒண்ணும் இல்லேன்னாலும் கூப்பிடுங்கோ," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கை சட்டைப்பைக்குப் போகவில்லை.

"கூப்பிட்டு என்ன பேசறது, ஜானு?"